வீட்டிலேயே தபால் வாக்கா, வாக்குச்சாவடிக்கே செல்வதா? 87 வயது அம்மாவுக்காகக் கேட்கிறேன்

பழைய வண்ணை மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 87 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் என் அண்ணன் குடும்பத்துடன் இருக்கிறார். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். மாடிப்படி இறங்குவதென்றால் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் யாருடைய தோளையாவது பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து நின்றுதான் இறங்க முடியும். நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கின்றன. காலையில் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்.

வரும் தேர்தலுக்கு வீட்டிலிருந்தே வாக்களிக்கும் 12டி படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று அண்ணன் சொல்கிறார். அம்மாவோ, "ஸ்கூலுக்குப் போயி நானே பட்டன அமுக்குனாதான் ஓட்டு போட்ட மாதிரி" என்கிறார். மாநகராட்சிப் பள்ளியில் உள்ள அவருடைய வாக்குச்சாவடி தொலைவில் இல்லை. அந்த இரண்டு மாடிகள்தாம் சிக்கல். எது சரி என்று எனக்குத் தீர்மானிக்க இயலவில்லை. படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால், வாக்குப்பதிவு நாளில் பள்ளிக்குச் சென்று வாக்களிக்க முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கொருக்குப்பேட்டை ஓய்வாசிரியர்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை. முடியாது. 12டி விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டால் வாக்காளர் பட்டியலில் அம்மாவின் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு வாக்குச்சாவடிக்குச் சென்றால், எந்த அடையாள அட்டையைக் காட்டினாலும் வாக்களிக்க அனுமதிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும் குழுவிடம் வாக்களிக்காமல் விட்டுவிட்டாலும் இதே நிலைதான். ஆகவே, இதை வாக்குப்பதிவு நாளின் உடல்நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று தள்ளிப்போட இயலாது.

காலக்கெடுவும் மிகக் குறுகியது. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளைத் தொடர்ந்து வரும் ஐந்து நாட்களுக்குள் நிறைவு செய்த படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு மார்ச் 20 அன்று அறிவிக்கை வந்தது, மார்ச் 25 உடன் 12டி பெறுவது முடிந்தது, வாக்குப்பதிவோ ஏப்ரல் 19 அன்றுதான் நடந்தது. ஏறத்தாழ மூன்றரை வாரங்களுக்கு முன்பே, இன்னும் வேட்பாளர் பட்டியல்கூட இறுதியாகாத நேரத்தில், முடிவைச் சொல்லிவிட வேண்டியிருந்தது. படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார், பிறகு வந்து பெற்றுக்கொள்வார். விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று சொல்ல அம்மாவுக்கு முழு உரிமை உண்டு. 85 வயது ஆகிவிட்டது என்பதால் யாரும் தபால் வாக்குக்குத் தானாக மாற்றப்படுவதில்லை.

நான் 2024-ல் வீடு வீடாகச் சென்ற ஒரு குழுவில் பணியாற்றினேன் என்பதால் நடைமுறையையும் சொல்கிறேன். வாக்குப்பதிவு அலுவலர்கள் இருவர், காவலர், வீடியோ எடுப்பவர், நடைமுறையைக் கண்காணிக்கும் நுண் பார்வையாளர் என ஒரு குழு வரும். எந்த நாளில் எந்தத் தெருவுக்குச் செல்கிறோம் என்பது வேட்பாளர்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்படும். அவர்களுடைய முகவர்கள் உடன் வரலாம். வாக்காளர் அடையாளத்தைச் சரிபார்த்துப் பட்டியலில் கையொப்பம் பெற்றபின் வாக்குச்சீட்டு, 13ஏ என்னும் உறுதிமொழிப் படிவம், சிறிய உறை, பெரிய உறை ஆகியவற்றைத் தருவோம். அவர் மறைவில் பேனாவால் குறியிட்டு, சீட்டை மடித்துச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அந்த உறையையும் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் சேர்த்துப் பெரிய உறைக்குள் வைத்து மூட வேண்டும். முதல் முறை வரும்போது வாக்காளர் வீட்டில் இல்லையென்றால் இரண்டாம் முறை வருவார்கள், அதற்குப் பிறகு வருவதில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் பரிசோதனை, உறவினர் வீட்டுத் திருமணம் என்று எந்த அலுவல் இருந்தாலும் அந்த இரண்டு நாட்களில் அம்மா வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஒரு வீட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடி. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற பெரியவர். தையல் இயந்திரத்தின் மேல் அட்டைத் தடுப்பை வைத்துக்கொடுத்தோம். அவருடைய மகன் பேனாவுடன் தந்தையின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். தீய எண்ணம் எதுவும் இல்லை. அப்பாவுக்குக் கை நடுங்கும் என்பதால் நின்றார். நாங்கள் அவரை அறைக்கு வெளியே அனுப்பினோம். பெரியவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டு தாமே குறியிட்டார், உறையின் ஓரமெல்லாம் பசை வழிய தாமே ஒட்டினார், பிறகு, "இத எவன் பிரிப்பான்?" என்று கேட்டார். எண்ணும் நாளன்று, எண்ணும் மேசையில், எல்லா வேட்பாளர்களின் முகவர்களுக்கும் முன்னால்தான் பிரிப்பார்கள் என்று சொன்ன பிறகே உறையைக் கொடுத்தார். அவருக்கு இந்த முறை இல்லையென்றால் அந்தத் தேர்தலில் வாக்கே இல்லை. ஆகவே, நடக்கவே இயலாதவர்களுக்கு இது பெரும் பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் அம்மா அந்த நிலையில் இருக்கிறாரா என்பதை நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.

திரு.வி.க. நகர் மருமகள்:

என் மாமியாரை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அந்த நிலையிலிருந்து ஒரு கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். "நானே போய்ப் போட வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வதை எல்லோரும் நெகிழ்ந்து பாராட்டுகிறார்கள், ஆனால் ஏப்ரல் வெயிலில் அவர்களை இறக்கி, ஏற்றி, இரவு முழுவதும் காலுக்கு எண்ணெய் தடவுகிறவரை யாரும் நினைப்பதில்லை. படியில் ஒரு முறை தவறினால் இடுப்பு எலும்பு முறியும்; அந்த வயதில் அதிலிருந்து மீள்வது அரிது. அண்ணன் சொல்வதில் பொறுப்பு இருக்கிறது. அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது 81 வயது. அப்போது 80 வயது வரம்பாக இருந்ததால் வீட்டிலிருந்தே வாக்களித்தார். 2024-ல் அவருக்கு 84. மூன்று ஆண்டுகள் மூப்பு கூடியிருந்த நிலையில் அந்த வசதி இல்லை என்று ஆகிவிட்டது.

ராயபுரம் இளம் வழக்கறிஞர்:

அக்கா சொல்வது உண்மை. 2019 அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தி 80 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் விதியில் 65 வயது என்று குறைக்கப்பட்டாலும், நடைமுறையில் தேர்தல் ஆணையம் 80 வயதையே வைத்திருந்தது. 2024 மார்ச் 1 அன்று செய்த திருத்தம் வரம்பை 85 ஆக உயர்த்தியது. இடையில் சிக்கிய வயதினருக்கு ஒரு வழி உண்டு. 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் இருப்பதாகச் சான்றிதழ் பெற்றிருந்தால், வயது எதுவானாலும் மாற்றுத்திறனாளி என்ற முறையில் 12டி கொடுக்கலாம். சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். முட்டித் தேய்மானத்தால் நடமாட்டம் பெரிதும் குறைந்தவர்கள் தேர்தல் அறிவிக்கும் வரை காத்திராமல் இப்போதே அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குச் செல்வது நல்லது. ஐந்து நாட்களுக்குள் அந்தச் சான்றிதழ் கிடைக்காது.

தபால் வாக்கில் நான் அஞ்சுவது வேறொன்று. இயந்திரத்தில் போட்ட வாக்கு செல்லாததாக ஆவதில்லை; தாளில் போட்ட வாக்கு செல்லாததாக ஆகலாம். உறுதிமொழியில் கையெழுத்து இல்லை, வரிசை எண் பொருந்தவில்லை, இருவருக்கு எதிரே குறி விழுந்துவிட்டது என எந்தக் காரணத்தாலும் தள்ளிவிடுவார்கள். 2016-ல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 வாக்குகளில். அங்கே நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. உறுதிமொழியில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்கள் அதற்குத் தகுதியானவர்களா என்பதே வழக்கின் மையம். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. அந்த வாக்குகளை அளித்தவர்களில் ஒருவர்கூடத் தவறாக வாக்களிக்கவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை ஓய்வாசிரியர்:

தம்பி, அது தேர்தல் பணியில் இருந்தவர்களின் தபால் வாக்கு பற்றிய வழக்கு. வீட்டு வாக்கில் சான்றொப்பமிடுவது வந்திருக்கும் வாக்குப்பதிவு அலுவலரே. கையெழுத்து விடுபட்டாலும் எண் மாறினாலும் அங்கேயே கவனித்துவிடுவோம். ஆனால் சீட்டில் குறி எங்கே விழுந்தது என்பதை நாங்கள் பார்க்கக் கூடாது, பார்க்கவும் மாட்டோம். அந்த ஒரு இடத்தில் நீங்கள் அஞ்சுவது நியாயம். கை நடுங்கும் பெரியவர்களுக்குப் பேனாவைவிடப் பொத்தானே எளிது.

எர்ணாவூர் வாக்காளர்:

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இதைத் திரைவாசிப்பான் துணையுடன் எழுதுகிறேன். 12டி படிவம் என் வீட்டுக்கும் வந்தது, நான் மறுத்துவிட்டேன். காரணம், வீட்டில் தரப்படுவது பேனாவால் குறியிட வேண்டிய தாள். அதை நானே தனியாக நிரப்ப வழியில்லை. இன்னொருவர் கண்ணையும் கையையும் நம்பியாக வேண்டும். வாக்குச்சாவடியிலோ, வேட்பாளர் பெயர்களை வரிசைப்படி பிரெயிலில் அச்சிட்ட மாதிரித் தாளைக் கேட்டு வாங்கி விரலால் படித்துக்கொள்கிறேன், இயந்திரத்தில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அருகில் உள்ள பிரெயில் எண்ணைத் தடவி உறுதி செய்துகொள்கிறேன், அழுத்துகிறேன், நீண்ட ஒலி கேட்கிறது. வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஏழு நொடி தெரியும் சீட்டை மட்டும் என்னால் சரிபார்க்க இயலாது. மற்றபடி தொடக்கம் முதல் முடிவு வரை அந்த வாக்கு முழுவதும் என்னுடையது.

துணையாளை அழைத்துச் செல்லவும் தேர்தல் நடத்தை விதி 49என் இடம் தருகிறது என்பதை அறிவேன். பார்வைக் குறைவாலோ உடல் நலிவாலோ தாமே வாக்களிக்க இயலாதவர்களுக்கு 18 வயது நிரம்பிய ஒருவர் துணையாக வரலாம். அவர் அன்று வேறு யாருக்கும் துணையாகச் செல்லக் கூடாது, ரகசியம் காப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு, எனக்குத் தேவைப்படவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடப்பதுதான் எனக்குக் கடினமான பகுதி, அதற்கு மட்டும் என் தங்கை கை கொடுக்கிறாள். பள்ளியின் வாயிலில் அவள் நின்றுவிடுவாள்.

காசிமேடு படகுக்காரர் மகன்:

இடையில் ஒன்று கேட்கிறேன். விசைப்படகில் ஆழ்கடலுக்குச் சென்றால் திரும்பப் பல நாட்கள் ஆகும். அவர்களுக்குத் தபால் வாக்கு உண்டா? 2024-ல் ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் 19 அன்று படகுகள் எல்லாம் கரையில் இருந்தன, அனைவரும் வாக்களித்தார்கள். 2021-ல் ஏப்ரல் 6 என்பதால் தொழிலை விட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியிருந்தது.

ராயபுரம் இளம் வழக்கறிஞர்:

இல்லை, அண்ணா. தபால் வாக்கு யார் யாருக்கு என்பதை விதி வரையறுத்திருக்கிறது: படைவீரர்கள், தேர்தல் பணியில் உள்ளவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள், அறிவிக்கப்பட்ட அத்தியாவசியப் பணியாளர்கள், 85 வயதினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். மீனவர்களும் வணிகக் கப்பல் மாலுமிகளும் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பெயரைப் பதிவு செய்திருந்தாலும் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். கடலை நம்பி வாழும் வட சென்னையில் இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். இதற்காகத் தனியே வாதாட வேண்டும்.

தண்டையார்பேட்டை முன்னாள் முகவர்:

நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி முகவராக அமர்ந்திருக்கிறேன். எந்தக் கட்சிக்கு என்பது இங்கே தேவையில்லை. வீட்டு வாக்கு வந்த புதிதில் எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2021-ல் தி.மு.க. இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது, சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து இந்த முறை செல்லும் என்றது. நேரில் பார்த்த பிறகு என் ஐயம் பெருமளவு நீங்கியது. குழுவினர் சரியாகவே நடந்துகொள்கிறார்கள். என் கவலை குழு வருவதற்கு முந்தைய இரவைப் பற்றியது. நாளை வருகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். "இந்தச் சின்னத்துக்குப் போடுங்கள்" என்று மகன் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் சொல்வார்கள். பெரியவர் யாருடைய சோற்றை உண்கிறாரோ அவருடைய சொல்லுக்கு எடை அதிகம். அலுவலர் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் மகனை வெளியே அனுப்ப முடியும்.

நேர்மையாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. வாக்குச்சாவடி இயந்திரங்களை எண்ணும்போது எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது வெளியே வந்துவிடும். இந்தத் தெரு நமக்குப் போடவில்லை என்று கட்சிக்காரர்கள் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். தபால் வாக்குகளோ தொகுதி முழுவதற்கும் ஒன்றாகச் சேர்த்து எண்ணப்படுகின்றன. எந்தத் தெருவில் இருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஊரிடமிருந்து மறைக்கத் தபால் வாக்கு நல்லது, வீட்டாரிடமிருந்து மறைக்கச் சாவடி நல்லது என்பது என் அனுபவம்.

பழைய வண்ணை மகள்:

எல்லோருக்கும் நன்றி. முகவர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு நேற்று அம்மாவிடம் தனியாகப் பேசினேன். இதுவரை நானும் அண்ணனும் அவரைக் கேட்காமலேயே எங்களுக்குள் வாதம் செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பொத்தான் மேல் அவருக்கு உள்ள பிடிப்பு உண்மைதான், ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது எந்தச் சின்னத்துக்குப் போட வேண்டும் என்று அவர்தான் சொல்வாராம். அம்மா தலையை ஆட்டிவிட்டு, உள்ளே சென்றதும் தமக்குச் சரியென்று பட்டதற்கே போடுவாராம். "அந்த அட்டைக்குப் பின்னால என்னைக் கேக்க ஆளில்ல" என்றார். அண்ணன் நல்லவர், அம்மாவைக் குறையின்றிப் பார்த்துக்கொள்கிறார். என்றாலும் அவர் ஒரு கட்சியில் தீவிரமாக இருக்கிறார், கட்சியின் வட்டச் செயலாளரும் அவர் வீட்டுக்கு வந்து போகிறார். வீட்டில் வைத்துப் போட்டால் அன்று மாலை அவர் கேட்பார், தம்மால் பொய் சொல்ல முடியாது என்பது அம்மாவின் அச்சம்.

சாவடிக்கே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்துவிட்டேன். மருமகள் சகோதரியின் எச்சரிக்கையை மறக்கவில்லை. மாடிப்படிக்கு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

திரு.வி.க. நகர் மருமகள்:

நீங்கள் கேட்டதும், அவர் சொன்னதும் சரி. இப்போது நான் உங்கள் பக்கம். படியில் நடக்க விடாதீர்கள். கைப்பிடி உள்ள உறுதியான மர நாற்காலியில் அமர வைத்து, இடுப்பில் ஒரு துண்டால் கட்டி, இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கி இறக்கட்டும். நாற்காலியின் முதுகுப் பக்கம் மேலே உள்ளவரிடம் இருக்க வேண்டும், அம்மாவின் முகம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்; கால் வளையும். ஒரு வாரம் முன்பே ஒரு முறை இறக்கிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கியதும் சென்றுவிட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு.

கொருக்குப்பேட்டை ஓய்வாசிரியர்:

வயதானவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாயிலில் உள்ள காவலரிடம் சொன்னால் உள்ளே விடுவார். சக்கர நாற்காலிக்குத் தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ 1950 என்ற எண்ணிலோ முன்னரே பதிவு செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இராமல் உங்கள் நாற்காலியையும் ஆட்டோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவுக்கு நீங்களே பணம் கொடுங்கள். வேட்பாளரோ அவருடைய முகவரோ வாக்காளரை இலவசமாக ஏற்றிச் செல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(5) பிரிவின்படி முறைகேடு. அண்ணனின் கட்சி நண்பர்கள் அன்போடு வண்டி அனுப்பினாலும் மறுத்துவிடுங்கள்.

பழைய வண்ணை மகள்:

ஒரே ஒரு ஐயம். அம்மா நடக்கச் சிரமப்படுகிறார் என்று சொல்லி அண்ணன் துணையாக மறைப்புக்குள் வர முடியுமா?

கொருக்குப்பேட்டை ஓய்வாசிரியர்:

முடியாது. துணையாள் என்பது பார்க்கவோ பொத்தானை அழுத்தவோ இயலாதவர்களுக்கு மட்டுமே. நடக்கச் சிரமப்படுகிறவரை மறைப்பு வரை கைத்தாங்கலாக அழைத்து வரலாம், அதற்கு மேல் அவர் தனியாகத்தான் செல்ல வேண்டும். தலைமை வாக்குப்பதிவு அலுவலரிடம் அம்மாவே, "நானே போடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

12டி படிவத்துடன் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும் நாளில் நீங்களும் அங்கே இருங்கள். விருப்பமில்லை என்பதை அம்மாவின் வாயாலேயே சொல்ல வைத்து, அலுவலர் அப்படியே குறித்துக்கொண்டாரா என்று பாருங்கள். அதே நேரத்தில் பட்டியலில் அம்மாவின் பெயர், பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி அதே பள்ளிதானா என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணை மகள்:

அப்படியே செய்கிறேன், ஐயா. அண்ணனிடம் இன்று இரவு நானே பேசுகிறேன். நாற்காலியின் ஒரு பக்கத்தை அவர்தான் தூக்க வேண்டும்.